பொட்டு வைத்த பிளாப்பி

12-9-1988

மேனேஜர் உத்திராபதி சார், புதுசாகச் சேர்ந்த அந்த அல்லியைக் கம்ப்யூட்டர் அறைக்குள் விட்டுவிட்டார். எங்கள் மீன் ஏற்றுமதி ஆபீசுக்கு மெஷின் வந்து இரண்டு வருஷம். அதில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். டைப்ரைட்டரை விட்டு வந்து தடவித் தடவிக் கற்றேன். இவள் பாண்டிச்சேரியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவளாம். "திரிபுரசுந்தரி, அதுக்கும் கொஞ்சம் எடம் குடுங்க" என்கிறார் சார். எடம்! என் ஒரு நாள் வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். வயிறு எரிகிறது.

13-9-1988

காரைக்கால்மேட்டிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறாள். வேர்ப்பதுகூட இல்லை.

19-10-1988

ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூச்சரம். பீரோவிலிருந்து தாய்ப் பிளாப்பியையும் எடுத்தேன். மெஷினை எழுப்புகிற ஆபரேட்டிங் சிஸ்டம் அதில்தான் வந்தது. "உள்ள தெரியுற கறுப்புத் தட்டு மேல பொட்டு வேணாங்கக்கா, உறை மேல வைங்களேன்" என்றாள் அல்லி. ஊருக்கு முன்னே சொல்ல வந்துவிட்டாள். "எனக்குத் தெரியாதா?" என்றேன். அப்படின்னா அஞ்சு நிமிஷம் குடுங்கக்கா என்று வாங்கிப்போய், மெஷினில் போட்டு என்னவோ செய்துவிட்டுத் திருப்பித் தந்தாள். முதலில் தொட்டவள் தான்தான் என்று காட்டவா? நல்லா அழுத்தியே பொட்டு வைத்தேன்.

24-11-1988

புதுக் கம்ப்யூட்டர் வருகிறது. அல்லிக்கு.

ஆபரேட்டிங் சிஸ்டம் இன்னொன்று வாங்க முதலாளிக்கு மனசில்லை. லைசென்ஸ் ஒரே மெஷினுக்குத்தானாம். என் மெஷினிலிருந்து அழித்துவிட்டு, தாய்ப் பிளாப்பியால் புதியதில் ஏற்றலாமாம். பிறகு என் மெஷின் வெறும் பெட்டி. நான் மறுபடி டைப்ரைட்டர். நாப்பது வயசுல!

ஆனால் லைசென்ஸில் பதிந்திருப்பது என் பெயர். மாற்றும் பாரத்தில் என் கையெழுத்து வேண்டும். பார்க்கலாம்.

12-12-1988

நாளை மெட்ராஸ் இன்ஜினியர் வருகிறார். பிளாப்பியைச் சோற்றுப் பைக்குள் வைத்து வீட்டுக்கு அம்பகரத்தூர் பஸ் ஏறிவிட்டேன். இப்போது என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. திருட்டா இது? என் பெயரில் இருப்பதுதானே?

13-12-1988

பீரோவைக் கவிழ்த்துத் தேடினார்கள். "கடைசியா மெஷின்ல போட்டது நீதானே? நாளைக்குள்ள வரல, வீட்டுக்குப் போயிடு" என்று சார் அல்லியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பஸ் ஏறும்வரைதான். வீட்டில் புடவைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்து மறுபடி சோற்றுப் பையில் வைத்தேன். சீ, என்ன பொம்பளை நான்!

14-12-1988

"ஃபைலுக்குப் பின்னாடி கெடந்துச்சு" என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்ஜினியர் போட்டார். மெஷின் கரகரவென்று கத்தியது. படிக்கவில்லை. வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உறையில் உள்ள நீளத் திறப்பில், கறுப்புத் தட்டின் மேலேயே, காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

"இதுக்கு யாருங்க பொட்டு வச்சது?"

சார் என்னைத்தான் பார்த்தார்.

அல்லி தன் மேஜையைத் திறந்து வேறொரு பிளாப்பியை நீட்டினாள். "பூஜையன்னைக்கே காப்பி எடுத்தாச்சு சார். ஒண்ணு எடுத்து வச்சுக்கலாம்னு லைசென்ஸ் பேப்பர்லயே போட்டிருக்கு. அக்காதான் எடுக்கச் சொன்னாங்க."

நான் எங்கே சொன்னேன்? அந்தப் பேப்பரை இரண்டு வருஷமாக நான் பிரித்தே பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லியும் நேற்று ஏன் வாயைத் திறக்கவில்லை அவள்? எடுத்தது நான் என்று தெரிந்தே இருந்தாளா? என்னைத் திட்டியிருக்கலாம். காப்பாற்றிவிட்டாளே என்றுதான் இன்னும் அதிகமாக எரிகிறது.

15-12-1988

பாரத்தை டைப்ரைட்டரில் நானேதான் அடிக்க வேண்டியிருந்தது. பழைய உரிமையாளர், என் பெயர். புதிய உரிமையாளர், அல்லி. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் மெட்ராஸிலிருந்து திரும்பி வரும், இன்னும் ஒரு மாதம் தள்ளலாம் என்று விரல் நின்றது. நின்றதோடு சரி.

கையெழுத்துப் போட்டேன். என் மெஷினை அழித்தார்கள். நான் வெளியே நின்றுகொண்டேன்.

2-1-1989

அவள் அறை வாசலில் என் செருப்பு. "நீங்க அடிங்கக்கா, நான் பாக்குறேன்" என்று நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். உட்கார்ந்தேன். பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். முதலில் அந்த லைசென்ஸ் பேப்பரைக் கேட்டு வாங்கிப் படித்தேன்.