தையல்காரியின் அட்டை

பெரியவனே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் கட்டட வேலையில் சாரத்தில் பார்த்து ஏறி இறங்கி, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். பிறந்த உன் மகளின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டையில் தையல்காரியின் பெயர் இருந்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். வாயைத் திறக்காமல் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மருமகளுக்கு வலி எடுத்ததும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினோம். ஆஸ்பத்திரியில் ஆதார் அட்டை கேட்டார்கள். காட்டுக்குள் இருக்கிற வீட்டுக்குக் கதவு எண் இல்லை என்று அவளுக்கு அட்டையே தராதது உனக்குத் தெரியும். சீட்டு போடுகிறவள், "அட்டை இல்லேன்னா டவுனுக்குக் கொண்டு போங்க, மலைச்சனங்க வந்தாலே இதே தலைவலி" என்றாள். டவுனுக்குப் போவதற்குள் வழியிலேயே பெற்றிருப்பாள். கூட வந்த ரோட்டோரத் தையல்காரி தன் அட்டையை என் கையில் திணித்தாள். உள்ளே விடுவதற்குத்தானே, அப்புறம் அதற்கென்ன வேலை என்று நானும் நீட்டிவிட்டேன். அது பிள்ளைமேல் ஒட்டிக்கொண்டது. பிறப்புச் சான்றிதழில் உன் மகள் இப்போது தையல்காரியின் மகள்.

அதோடு விட்டதா? தையல்காரிக்கும் இது ஆறாம் மாதம். கால் வீங்கி, தலை சுற்றுகிறது என்று காட்டப் போனவளை, "கம்ப்யூட்டர்ல நீ போன மாசமே பெத்துட்ட, சரி பண்ணிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நல்ல கூத்து அத்தை, நான் பெத்தது உங்க வீட்டுல பால் குடிக்குது, வயித்துல இருக்கிறது யாருதுன்னு கேக்குறாங்க" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அவளைப் பிடித்துக்கொண்டு போவார்களோ, பிள்ளையை வாங்கிக்கொள்வார்களோ என்று அடுப்பில் வைத்ததைக்கூட மறந்துவிடுகிறேன். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு உடனே வா. நீ வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது உன் அட்டையை மறக்காதே. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இரு.

உன் அம்மா

அண்ணா, இது நானாக எழுதுவது. இன்று காலை தையல்கார அக்கா கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். அம்மா விறகுக்குப் போயிருந்தாள். அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள், நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு போடுகிற ஜன்னலில் பின்னால் நின்றவர்களை எல்லாம் முன்னால் விட்டேன். விடுவதற்கு யாரும் இல்லாமல் போனதும், "அன்னைக்குப் பெத்தது எங்க அண்ணி, இந்த அக்கா இல்ல. முதல்ல இவங்களைப் பாருங்க" என்று சொன்னேன்.