வாசனை இல்லாத பேக்

மார்ச் 4, திங்கள்
இன்று முதல் புது டியூப். ஈறு ஆப்பரேஷன் முடிந்ததும் தையல்மேல் அப்பி மூடுகிற மருந்துப் பசையை, அதாவது பேக்கை, இனிமேல் எல்லாருக்கும் இதில்தான் பிசைய வேண்டும் என்று கோபிநாத் டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. இந்த உப்பளம் கிளினிக்கில் பதினோரு வருஷமாகப் பிசைகிறேன். காரணம் சொன்னால் குறைந்தா போவார்?

வாசனையே இல்லை. மருந்து வாசனை வராவிட்டால் நம் சனம் நம்பாது. கையுறையில் ஒட்டித் தொலைக்கிறது வேறு. வழக்கம்போல விரல் நுனியைக் கிராம்புத் தைலத்தில் தொட்டுக்கொண்டேன். இன்றைய பேஷண்ட் அஞ்செல் மதாமுக்கு வலது பக்கம் ஆப்பரேஷன், பேக் கச்சிதமாக உட்கார்ந்தது.

மார்ச் 5
மதாம் போன் செய்தார். வாய் எரிகிறதாம், தண்ணீர்கூட இறங்கவில்லையாம். முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லச் சொன்னார் டாக்டர். சொன்னேன்.

மார்ச் 6, புதன்
மதாம் நேரே கிளினிக்குக்கு வந்துவிட்டார். உதடு வீங்கி, கன்னத்தின் உட்புறமெல்லாம் கொப்புளம். பேக்கை எடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"ஃபார்ம்லயே எழுதிக் குடுத்தேனே, கிராம்பு எனக்கு ஆவாதுன்னு. அத யாரும் படிக்கறதில்லையா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "எதாவது கலந்தியா ஹேமா?"

"டியூப்ல வந்தத அப்படியே பிசைஞ்சேன் சார்."

உண்மைதானே! கிராம்புத் தைலம் கிடையாது என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். உள்ளே எதையோ அடைத்து விற்கிறான். அறுபத்தெட்டு வயசு மனுஷியின் வாயா கிடைத்தது இவன்களுக்கு விளையாட? எடுத்த பேக்கை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். கம்பெனிக்குப் புகாரை நான்தான் டைப் அடித்தேன். இன்னும் காரமாக எழுதியிருக்கலாம்.

மார்ச் 7
கம்பெனி ஆள் ராஜவேல் வந்தான். எல்லார் முன்னாடியும் கிழி கிழியென்று கிழித்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. டியூபைத் திறந்து நீட்டினான், பிறகு டப்பாவை. "ரெண்டயும் மோந்து பாருங்கக்கா."

டியூபில் ஒன்றுமில்லை. டப்பாவில் குப்பென்று கிராம்பு.

என் விரல். என் விரல்தான்.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலக்கா" என்றான். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 8
கலக்கவில்லையாம், கையில்தான் தொட்டாளாம். கையில் தொட்டது வாய்க்குள் போகாதா, ஹேமா முண்டமே?

மார்ச் 9, சனி
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். எழுந்து கதவைச் சாத்தினார். "கம்பெனியில டியூப மாத்தித் தரேன்னுட்டாங்க. மதாமுக்கும் அவங்க மேலதான் கோவம். இத்தோட வுடு."

விடுவதா? ராஜவேலுக்குக் கம்பெனியில் மெமோ கொடுத்துவிட்டார்கள். மதாமுக்கு இடது பக்கம் ஆப்பரேஷன் பாக்கி. எந்த பேக்கும் தனக்கு ஆகாது என்று பயந்து அவர் வராமலே இருந்துவிட்டால்? இருக்கிற பல்லும் ஆடி விழட்டுமா?

"கிராம்பு ஆவாதவங்களுக்காகத்தான் புது டியூப்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் தைலத்தத் தொட்டிருப்பேனா சார்?" கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மார்ச் 10, ஞாயிறு
கருவடிக்குப்பத்தில் மதாம் வீட்டுக்குப் போனேன். மதாம் என்னை வாசலிலேயே நிற்க வைத்து, நான் தைலம் தொட்ட கதையைக் கேட்டார். வீக்கம் வடிந்திருக்கிறது.

"நீயா?" என்றார். "நாலு நாளா வெறும் கஞ்சித்தண்ணிம்மா நானு."

அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது. அங்கேயே நின்று ராஜவேலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கேட்டுவிட்டு அவனும் போனை வைத்துவிட்டான்.

மார்ச் 11
தைல பாட்டிலை டாக்டர் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். வருகிற ஃபார்மையெல்லாம் இனி நானே வாங்கிப் படிக்கிறேன்.

மார்ச் 27, புதன்
மதாம் வந்தார். இடது பக்கம். தையல் முடிந்ததும் டாக்டரே டியூபை எடுத்தார். மதாம் கையை நீட்டித் தடுத்து, என்னைக் காட்டினார். மரத்த வாயில் பேச்சு குழறியது.

"அவ பிசையட்டும். என் கண்ணெதிர."

பிசைந்தேன். ஒட்டாமலிருக்கக் கையுறையை வெறும் உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டேன். அந்த விரலை அவர் மூக்கருகே நீட்டினேன். மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

அப்புறம்தான் வாயைத் திறந்தார்.