தூண்டில் நரம்பின் மறுமுனை

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் ஒரு மீனும் இல்லை. பனி மட்டும்தான். கோரைப் புல்லுக்குப் பின்னால் என் இடத்தில் உட்கார்ந்து தூண்டிலை வீசினேன். ஈயக்குண்டு தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது; விழுந்த இடம் தெரியவில்லை. அப்புறம் ஏரி என்ன நினைத்ததோ அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பனி விலகியதும் துறை தெரிந்தது. ஏரிக்குள் பாதி தூரம் போய், போதும் என்று நின்றுவிட்ட பலகைத் துறை. நுனியில் நாலைந்து பேர். எனக்கு ஒரு சந்தேகம். கரையில் இருக்கிற நாங்கள், நடுவில்தான் மீன் என்று கை வலிக்க வீசுகிறோம். அவ்வளவு தூரம் உள்ளே போய் நிற்கிறவர்கள் திரும்பிக் கரையைப் பார்த்து வீசுகிறார்கள். அப்படியானால் மீன் எங்கேதான் இருக்கிறது?

துறைக்குப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அதன் வாசலில், தூண்டிலுக்குப் புழு விற்கிற தக்கை அக்காவின் புழுக்கடை. யாராவது, "என்னம்மா, எங்க இந்தப் பக்கம்?" என்பார்கள். பதில் சொல்லணும்.

நவம்பர் 7, வியாழன்

சித்தி வந்திருந்தாள்.

"பதினாறு வயசாச்சு, படிப்பையும் விட்டாச்சு. இந்த ஊமைக்கோட்டான் மீனோட குடும்பம் நடத்தப் போகுதா? என்கூட அனுப்புக்கா. எங்க தையல் கூடத்துல பட்டன் தைக்கட்டும். வாயே திறக்க வேணாம்."

"இங்கயே ஒரு வேலை கிடைச்சா இருக்கட்டும்னு பார்த்தேன்" என்றாள் அம்மா.

"யாரு போய்க் கேக்கறது, இவளா? பதினேழாம் தேதி ஞாயித்துக்கிழமை வரேன். துணிமணியை எடுத்து வை."

அப்பா ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "அவளையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

போக மாட்டேன். ஏரியை விட்டு எங்கேயும் போக மாட்டேன். இதைச் சொல்ல வாயெடுத்தேன். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேனே, அதே கதை. எழுத்தெல்லாம் தெரியும், சத்தம் மட்டும் வராது. அதனால்தானே ஒன்பதாவதோடு நின்றேன்.

"பாத்தியா, ஒண்ணும் சொல்லலை. வர்றா" என்றாள் சித்தி.

நவம்பர் 9, சனி

புழுக்கடையில் ஒரு பலகை தொங்குகிறது. 'வேலைக்கு ஆள் தேவை. உள்ளே கேட்கவும்.'

கேட்கவும்! எழுதித் தரலாம் என்றால் இவர்களுக்கு என்ன?

தக்கை அக்கா சிவப்புத் தொப்பியும் உருண்டை உடம்புமாகத் துறை நுனியில் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், தண்ணீரில் மிதக்கிற தக்கையேதான். இப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதில்லையாம்.

நவம்பர் 12, செவ்வாய்

கடைவாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 13, புதன்

மறுபடியும். இந்தத் தடவை செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். ஒரு செருப்பை எவ்வளவு நேரம்தான் சரிசெய்வது?

நவம்பர் 15, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் நானே நம்ப மாட்டேன்.

இன்று அடர்ந்த பனி. என் தூண்டில் கம்பின் நுனியே தெரியவில்லை. விழித்திருந்தேனா, தூங்கினேனா? திடீரென்று ஒரு இழுப்பு. யாரோ விரலைப் பிடித்துக் கூப்பிடுவது போல, மெதுவாக. நான் நரம்பைச் சுற்றினேன், அது இழுத்தது. நான் விட்டேன், அதுவும் விட்டது. இவ்வளவு மரியாதை தெரிந்த மீனை நான் பார்த்ததில்லை. மீனிடம் எனக்குப் பேச்சு வரும். "ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள ஒரு தடவை முகத்தைக் காட்டேன்" என்றேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு கூச்சல்: "பெருசு! ரொம்பப் பெருசு! யாரும் கிட்ட வராதீங்க!"

பனி விலகியது. என் நரம்பு தண்ணீரிலிருந்து எழுந்து, வெயிலில் மின்னிக்கொண்டு, நேராகத் துறை நுனிக்குப் போனது. அங்கே சிவப்புத் தொப்பி. அவள் கம்பும் வில்லாக வளைந்திருந்தது.

நான் நடுவுக்கு வீசியதும் அவள் கரைக்கு வீசியதும் தண்ணீருக்கடியில் பின்னிக்கொண்டுவிட்டன. அரை மணி நேரமாக அவள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை.

"அடிப்பாவி! நீதானா என் மீனு?"

சிரித்துவிட்டேன். சத்தமாக.

"அறுத்துடாத, புது நரம்பு! சுத்திக்கிட்டே இங்க வா!"

சுற்றிக்கொண்டே நடந்தேன். நரம்பு தளரக் கூடாது, கோரையில் சிக்கக் கூடாது, கம்பைத் தூக்கிப் பிடிக்கணும். மனதில் அவ்வளவுதான். நடுவில் யாரோ, "எங்கம்மா போற?" என்றார்கள். "அக்கா கூப்பிட்டாங்க" என்றேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது, கடையைத் தாண்டிவிட்டேன். பேசியதும் நான்தான்.

அக்காவின் விரல்கள் தடிமன். முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். முடிச்சைப் பார்த்துக்கொண்டே பேசுவது அவ்வளவு கஷ்டமில்லை.

"பலகைல... வேலைக்கு ஆள் வேணும்னு..."

"கடை முன்னாடி செருப்பு சரிபண்ணது நீதானே? செருப்புக்கடைன்னு நினைச்சிட்டியோன்னு பார்த்தேன்."

"எனக்குப் பேச வராதுக்கா."

"புழு வாங்க வர்றவன் பேச்சா வாங்கப் போறான்? நாளைக்கே வா. ஆனா வீட்டுல நீயேதான் சொல்லணும். அதுக்கு நான் வர மாட்டேன்."

நவம்பர் 16, சனி

வேலைக்குப் போனேன். வீட்டில், ஏரிக்குப் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு ஞாயிறு. எப்படிச் சொல்வேன்?

நவம்பர் 17, ஞாயிறு

மேசைக்கு அடியில், நரம்பைச் சுற்றுவது போலக் கையைச் சுற்றிக்கொண்டே சொன்னேன்: "புழுக்கடையில வேலை கிடைச்சிருச்சு சித்தி. நான் வரலை."

அப்பா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

சித்தி அம்மாவைப் பார்த்து, "இது பேசுமா?" என்றாள்.

நவம்பர் 23, சனி

கடையில் பெருங்கூட்டம். எங்கே வீசினால் மீன் கிடைக்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் இன்னும் தெரியாது. ஆனாலும் ஆளுக்கொரு இடம் சொல்லி அனுப்பினேன்.

தொண்டை கட்டிவிட்டது. அம்மா வெந்நீரை நீட்டி, "பனியில நின்னியா?" என்றாள்.

இன்று பனியே இல்லை.