அறுபத்திரண்டு படி வீடு

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு நாள் வகுப்பு முடிந்தது. நொடித்துப்போன வீடுகளை வாங்கிப் பணக்காரர் ஆவது எப்படி என்று வெள்ளை ஷூ போட்ட ஒருவர் நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். புல் மண்டிய வாசல், உடைந்த ஜன்னல், பூட்டிய கதவு. இதையெல்லாம் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிப்பார்களாம், நாம் மட்டும் சிரிக்க வேண்டுமாம். கடனில் மாட்டியவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கு, வெள்ளையடி, விற்றுவிடு. அவ்வளவுதான் பாடம். இவ்வளவு சுலபமென்றால் நீங்கள் ஏன் வாங்காமல் வகுப்பு எடுக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த நாத்தனார் என் தொடையில் கிள்ளினார்.

இவர் என் கணவரின் அக்கா. ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. அதிகாரம் செய்ய ஆபீஸ் இல்லாமல் தவித்துப்போய் என்னைக் கூட்டாளி ஆக்கிக்கொண்டார். முதலீட்டில் பெரும்பகுதி அவருடைய ஓய்வுத் தொகை. மீதி, கூரியர் ஆபீசில் பதினொரு வருடம் முத்திரை குத்தி நான் சேர்த்தது. இது போனால் இரண்டு பேர் தலையிலும் துண்டுதான்.

நல்ல வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்றார் வெள்ளை ஷூ. எனக்குச் சிரிப்பு வந்தது. ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பி வரும் கவர்களுக்கென்றே எங்கள் ஆபீசில் ஓர் அலமாரி இருக்கிறது. முத்திரை குத்தி அனுப்பியவருக்கே திருப்புவது என் வேலை. ஆளில்லாத வீடெல்லாம் என் விரல் நுனியில் இருக்கிறது!

மார்ச் 5

பதினொரு முகவரிகளை எழுதி எடுத்து வந்தேன். தப்புதான். தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் வீடு: வீடே இல்லை, ஒரு சுவர் நிற்கிறது. இரண்டாவது வீட்டில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பனியனோடு ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி நுரையோடு என்ன வேண்டும் என்று கேட்டார். விலாசம் மாறிவிட்டது என்று அசடு வழிந்துவிட்டு வந்தோம்.

மூன்றாவது, மேட்டுத்தெருவில் குன்றின் உச்சியில். அறுபத்திரண்டு படி. நாத்தனார் ஏழு இடத்தில் உட்கார்ந்தார், ஏழு தடவையும் என்னைத் திட்டினார். ஆனால் மேலே போனதும் திட்ட மறந்துவிட்டார். கூரை ஓரமாகத் தொங்குகிறது, சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல், வாசலில் இடுப்பளவு புல். வகுப்பில் காட்டிய படம் மாதிரியே இருந்தது. அதோடு கீழே ஊர் முழுக்கத் தெரிகிறது.

பின்கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே போய் டேப்பை விரித்து அளக்க ஆரம்பித்துவிட்டோம். நான் ஒரு முனை, அவர் மறுமுனை. இங்கே அலமாரியை எடுத்துவிடலாம், அந்தச் சுவரை இடித்துவிடலாம் என்று அவர் பாட்டுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே அடுத்த அறைக்குள் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். மேசை நிறையப் பற்கள். ஈறோடு சேர்த்து, வரிசை வரிசையாக. அவற்றின் பின்னால் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓர் அம்மாள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு மேல்வரிசையைப் பிடித்து உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

“கூரை பாக்க வந்தவங்கதானே?” என்றார்.

“ஆமா,” என்றார் நாத்தனார். கண்ணை இமைக்கவில்லை.

அப்புறம் என்ன, கூரையைப் பார்த்தோம். அந்த அம்மாள் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவராம். வியாழக்கிழமை மட்டும் கீழே இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு, வேலையும் வாங்கிக்கொண்டு வருவாராம். மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். டீ போட்டுக் கொடுத்தார். எஸ்டிமேட் எவ்வளவு என்று கேட்டபோது நாத்தனார் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னார். இவ்வளவு கம்மியா என்று அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதியும் கொடுத்தாகிவிட்டது.

மார்ச் 9

மேட்டுத்தெருவுக்குக் கவர் கொண்டுபோகும் ஒல்லியைப் பிடித்துக் கேட்டேன். அந்த வீடு நிஜமாகவே பூட்டியா இருந்தது?

“அறுபத்திரண்டு படி, அக்கா. பூட்டித்தான் இருக்கும்.”

மூன்றாவது மாடி என்றால் பூட்டியிருக்கும், நாய் இருந்தால் பூட்டியிருக்கும், வெயில் அடித்தால் தெருவே பூட்டியிருக்கும். பதினொரு வருடமாக இதற்குத்தான் முத்திரை குத்தியிருக்கிறேன். என் பொக்கிஷ அலமாரி, ஒல்லியின் முழங்கால் வலிப் பட்டியல்.

பதிவேட்டைப் புரட்டினேன். அந்த வீட்டுக்கு ஆறு கவர் வந்திருக்கிறது. ஆறும் ஒரே வங்கியிலிருந்து. ஆறும் திரும்பியிருக்கிறது. ஆறிலும் என் கையெழுத்து. வங்கி எதற்கு ஒருவருக்கு ஆறு கவர் அனுப்பும்? பிறந்தநாள் வாழ்த்தா?

மார்ச் 12

வாழ்த்து இல்லை. நாத்தனார் பேப்பரோடு வந்து நின்றார். மூன்றாம் பக்கம், பொடி எழுத்தில் வங்கியின் ஏல அறிவிப்பு. அதே வீடு, ஏப்ரல் 7. தொடக்க விலையைப் படித்துவிட்டு அச்சுப்பிழையோ என்று சந்தேகப்பட்டோம். பிழை இல்லை. இரண்டு பேரின் சேமிப்பும் போதும், மிச்சம்கூட வரும்.

வெள்ளை ஷூவுக்குப் போன் போட்டார் நாத்தனார். வீட்டுக்காரியிடம் மூச்சு விடாதீர்கள், விவரம் தெரிந்தால் எங்காவது பணம் புரட்டிக் கட்டிவிடுவார்கள் என்றாராம் அவர். அதாவது, கட்டிவிட்டால் வீடு தப்பிவிடும் என்பது அவருக்கும் தெரிகிறது.

மார்ச் 13

கவலையில் தூக்கமே வரவில்லை என்று எழுதலாம். பொய். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அதுதான் கவலையாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

கூரை ஆட்களாக மறுபடியும் போனோம். நாத்தனாருக்கு விரிசலின் ஆழம் தெரிய வேண்டுமாம். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். வீட்டின் மேல் ஒரு கடன் இருக்கிறது, மாதாமாதம் ஒன்றாம் தேதி தம்பி வந்து தவணையை வாங்கிக்கொண்டு போய் வங்கியில் கட்டிவிடுகிறான் என்றார். படி ஏறி இறங்க அக்காவுக்குக் கஷ்டம் என்று அவனே ஆரம்பித்தானாம். இன்னும் ஒரே வருடம், அப்புறம் வீடு என்னுடையது, அதனால்தான் கூரைக்குத் துணிந்தேன் என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். நாத்தனார் ஜன்னல் எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்ச் 16

நாத்தனார் சுவருக்கு நிறம் முடிவு செய்துவிட்டார். இளம் மஞ்சள். உள்ளே ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பது அந்தச் சுவரில் ஒரு சின்னக் கறை, அவ்வளவுதான் அவருக்கு.

எனக்கு மட்டும் என்ன, நானும் மஞ்சள் நன்றாக இருக்கும் என்றுதானே சொன்னேன்.

மார்ச் 18

சண்டை. சொல்லிவிடலாம் அண்ணி என்றேன். நாத்தனார் சாமி வந்தவர் மாதிரி ஆடினார். தவணையைத் தின்றது நாமா? தம்பியை நம்பச் சொன்னது நாமா? நாம் வாங்காவிட்டால் வேறு எவனாவது வாங்கப்போகிறான், வீடு அவளுக்கு மிஞ்சாது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

“வேற எவனோ வாங்கலாம் அண்ணி. ஆனா அவன் முத்திரை குத்தலையே.”

“வேலை போயிடும்டி உனக்கு. உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காத.”

அதுவும் உண்மை. கவர் போய்ச் சேரவில்லை என்று வெளியே வந்தால் முதலில் மாட்டுவது ஒல்லி, அடுத்தது நான். கணவரிடம் கேட்டேன். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் தலையைக் கொடுக்க நான் தயாரில்லை என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். ஆண்பிள்ளைகள் தேவைப்படும்போது மட்டும் எங்கே போவார்களோ.

ஆக, வாயை மூடிக்கொண்டேன். ஆமாம், மூடிக்கொண்டேன். எனக்கும் ஒரு வீடு லாபத்துக்கு விற்றுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இங்கேயாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஏழாவது கவர் வந்தது. ஒல்லி காலையில் எடுத்துப் போனான், பதினோரு மணிக்கெல்லாம் கொண்டுவந்து மேசையில் போட்டான். ‘கதவு பூட்டியிருந்தது.’ மை கூடக் காயவில்லை.

முத்திரையைக் கையில் எடுத்தேன். இது ஒரு நொடி வேலை. பதினொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் குத்தியிருப்பேன்! கை இறங்கவே மாட்டேன் என்றது. பெரிய நல்லவளாகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. இன்று குத்தினால் தெரியாமல் குத்தினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

வயிற்றுவலி என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கவரோடு கிளம்பினேன். நாற்பதாவது படியில் நிஜமாகவே வயிறு வலித்தது. அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கினார், பிரித்தார், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நான் நின்றபடியே கொட்டித் தீர்த்தேன். நாங்கள் கூரை ஆட்கள் இல்லை. வீடு வாங்க வந்தவர்கள். இதற்கு முன் ஆறு கவர் வந்தது, உங்கள் வீடு பூட்டியிருந்ததாக முத்திரை குத்தித் திருப்பியது நான். ஏலம் என்று பன்னிரண்டாம் தேதி பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தம்பிக்குப் போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வியாழக்கிழமை கொடுக்க வேண்டிய பல் ஒன்று பாக்கி இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்றார்.

மார்ச் 25

நாத்தனாரிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக எங்கள் வீடு நிசப்தமாக இருக்கிறது.

மார்ச் 28, சனி

அந்த அம்மாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். தம்பி பதினான்கு மாதத் தவணையைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கிறான். அவ்வளவையும் பத்து நாளில் கட்ட வழியில்லை. ஏலத்துக்கு முன்னால் வீட்டை விற்றுக் கடனை அடைத்தால் மிச்சம் தன் கையில் நிற்கும் என்று வங்கியில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். உங்களிடம்தான் பணம் தயாராக இருக்கிறதே, வாங்குங்கள் என்றார்.

நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். ஆட்டோ பிடித்து வந்தார்! பேரம் மூன்று மணி நேரம். கூரை மோசம், அதற்குப் பெரிய தொகை கழிக்க வேண்டும் என்றார் நாத்தனார். அந்த அம்மாள் பையிலிருந்து எங்கள் எஸ்டிமேட்டை எடுத்து மேசையில் வைத்தார். “இதுக்கு மேல ஒரு காசு கழிக்க மாட்டேன். உங்க கையெழுத்துதானே?”

நாத்தனார் மனக்கணக்குப் போட்டார். ஏல விலையைவிட எவ்வளவோ கூட. வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார், அந்தத் தாளைப் பார்த்தார், சரி என்றார். ஏன் என்று கேட்டதற்கு, படி ஏறியதில் வந்த முட்டிவலியாவது வீணாகக் கூடாது என்றார். வேறு காரணம் இருந்தாலும் அவர் சொல்ல மாட்டார்.

ஏப்ரல் 2

மேனேஜர் எழுத்தில் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. ஒல்லியை மேட்டுத்தெருவிலேயே நிரந்தரமாகப் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 6

பத்திரப்பதிவு முடிந்தது. வங்கி ஏலத்தை ரத்து செய்தது. நிஜக் கூரைக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன தொகை, நாத்தனார் எழுதிக் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு. நஷ்டம் வராமல் தப்பித்தாலே பெரிய விஷயம். நாத்தனார் அடுத்த வீட்டுக்குப் பேப்பர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்தார். பல் டாக்டர் தெருவில் தரைத்தளத்தில் இரண்டு அறை பார்த்திருக்கிறார். கடைசிப் பெட்டி இறங்கியதும் சாவியைக் கொடுத்தார். நன்றி சொல்வார் என்று ஒரு அல்ப ஆசை எனக்கு. மறைப்பானேன்.

“தம்பி பதினாலு மாசம் வாயத் திறக்கல. நீங்க பன்னெண்டு நாள். அவனுக்கு நீங்க தேவலாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முன்னால் புரட்டி எண்ணினேன். பேப்பரைப் பார்த்த நாளிலிருந்து பன்னிரண்டுதான், சரி. ஆனால் ஆறு கவரையும் வங்கி பெயரையும் பார்த்தது ஒன்பதாம் தேதி. அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது, என் கையெழுத்திலேயே இருக்கிறது.

பதினைந்து நாள். அவரிடம் போய்த் திருத்தவில்லை.