மணவறைக் காசும் றஜிதா வீட்டு விலாசமும்

பலேர்மோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கச்சி சாம்பவிக்கு,

கேசினி அக்கா எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவார்கள். எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. உன் தொலைபேசி வேலை செய்யவில்லை. மணமாலைச் சாம்பிள் அனுப்பச் சொல்லி நீ தந்த றஜிதா வீட்டு விலாசம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. கலியாணம் வேண்டாம் என்று வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிள்ளை தன் சிநேகிதியிடம்தானே போயிருக்கும் என்று நினைத்து அங்கேயே எழுதுகிறேன். நீ அங்கே இல்லாவிட்டால், றஜிதா, இதைப் பிரிக்காமல் அவளிடம் சேர்த்துவிடு பிள்ளை. பிரித்துவிட்டாய் என்றால் பரவாயில்லை, சேர்த்தால் சரி.

"அக்கா, கலியாணம் நடக்காது. எனக்கு அவரோடை இருக்கப் பயமாக் கிடக்கு. நீங்கள் செய்த வேலைக்கு அப்பா காசு தருவார், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டபோது என் கை முழுக்கப் பசை. மணவறைக்கு ரெஜிபோம் தக்கையில் வெட்டிய மயில் மடியில் கிடந்தது. ஒரு மயிலுக்குக் கழுத்து ஒட்டியாயிற்று, மற்றதற்கு இல்லை. உள்ளதைச் சொன்னால், முதலில் உன்னை நினைக்கவில்லை. ஐயோ என் காசு என்றுதான் நினைத்தேன். கோபிக்காதே. பிறகுதான் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உன் குரல் அப்படி நடுங்கி நான் ஒருநாளும் கேட்டதில்லை. சேலைக் கரைக்குப் பொருத்தமாகத் திரைச்சீலை வேண்டும் என்று என்னோடு மணிக்கணக்காகச் சண்டை பிடித்த சாம்பவியா இது என்று இருந்தது.

அப்பா தருவார் என்றாயே, தந்தாரோ! முதலில் போனை எடுக்கவே இல்லை. பிறகு எடுத்து, கலியாணமே இல்லை, பிறகென்ன மணவறை, ஒப்பந்தத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையே பிள்ளை என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்த வரியை எடுக்கச் சொன்னவளே நான்தான்.

என் வரிக் கணக்கைப் பார்க்கிற யூலியானா என்ற இத்தாலியப் பிள்ளை, ஒப்பந்தத்தில் ஒழுங்காகத்தான் எழுதித் தந்தாள். வேலை தொடங்கிய பிறகு கலியாணத்தை நிறுத்தினால், செய்த வேலைக்கும் வாங்கிய சாமானுக்கும் காசு கட்டவேண்டும் என்று முதல் தாளிலேயே இருந்தது. உன் அப்பாவும் அம்மாவும் கலியாணத்தை இங்கே வைக்கப் பகேரியாவில் வில்லா பார்க்க லண்டனிலிருந்து வந்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள் அல்லவா? அன்று உன் அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அதன்மேல் அட்வான்ஸ் என்று கொஞ்சக் காசை வைத்துத் தந்தார். அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் கலியாணம் நின்றால் என்று எழுதிய தாளை வைக்க எனக்குக் கை கூசிவிட்டது. நல்ல காரியத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்வார்களா? அதை எடுத்துவிடு, எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று யூலியானாவிடம் சொன்னேன். அவள் ஐந்து விரலையும் குவித்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். இந்த ஊரில் அதற்கு அர்த்தம், உனக்கு விசரா, பைத்தியமா என்பதுதான்.

கேக் செய்கிற றோசமலர் இருக்கிறாளே, பாதிக் காசு கைக்கு வராமல் ஒரு முட்டை உடைக்கமாட்டாள். காசுப் பேய் என்று அவளை நாங்கள் எல்லோரும் பழித்தோம். அவள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். நான் வாங்கின துணியையும் பூவையும் பார்த்துக்கொண்டு முழித்திருக்கிறேன்.

ஒரு கலியாணம் போனால் இன்னொன்று வராதா என்று நீ நினைப்பாய். லண்டனில் பிறந்த உனக்கு இது விளங்காது, சொல்கிறேன் கேள். லிபெர்த்தா வீதியில் நான் பார்த்துவந்த வயதான சிஞ்ஞோரா அம்மா செத்த பிறகு, வீட்டு வேலையை விட்டுவிட்டு மணவறை சோடிக்கிற இந்தத் தொழிலை என் பெயரில் பதிந்தேன். சொந்தத் தொழில்காரி என்றால், இங்கே வசிக்கத் தருகிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும்போது, வருடத்தில் போதுமான அளவு உழைத்தேன் என்று காட்டவேண்டும். உன் கலியாணம்தான் எனக்கு இந்த வருடத்தின் பெரிய வேலை. அந்தக் காசு வந்தால் கணக்குச் சரி. வராவிட்டால் சரியில்லை. என் மனுசன் றஞ்சித் வியா மக்வேதா வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார், பதிவில்லாத வேலை. அதனால் அவருடைய பெர்மெஸ்ஸோவும் மகள் அபிதாவுடையதும் என்னுடையதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் கதைப்பதை ஒட்டுக் கேட்டுவிட்டு, மம்மா, எங்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ, நோ மம்மா, எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது என்று பிள்ளை அழுகிறாள்.

யூலியானாவிடம் அழுதுகொண்டு போனேன். அந்த வரி இல்லாவிட்டாலும் செய்த வேலைக்குக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, தெரிந்த வக்கீலைக் கொண்டு கடிதம் போடலாம், ஆனால் ஆள் வெளிநாட்டில் இருப்பதால் இழுபடும் என்றாள். கடிதம் போடச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டேன். உன் அப்பாவுக்கு அது வந்து சேரும்போது நீ என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது. ஆனால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் வக்கீல் கடிதத்தைக் காட்டி, காசு வந்துகொண்டிருக்கிறது ஐயா என்று சொன்னால் பெர்மெஸ்ஸோ தருவார்களா, நீயே சொல்லு.

அதற்கு முந்தி நான் செய்த விசர் வேலை ஒன்று இருக்கிறது. உன் அப்பாவிடம் கெஞ்சியபோது பெர்மெஸ்ஸோக் கதை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீர் சொன்னால் அவள் கேப்பாள், அவளோடை கதைச்சுக் கலியாணத்துக்கு ஓம் எண்டு சொல்லப் பண்ணும், முழுக்காசையும் அடுத்த நாளே போடுறன் என்றார். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் தர்சன் போன் எடுத்தார். நீ கட்ட இருந்த அதே தர்சன்தான். என்ன மரியாதை, என்ன பணிவு! அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, உங்கடை காசு முழுக்க நான் போட்டுவிடுறன், மாமா தராட்டியும் நான் தாறன், அவள் எங்கை நிக்கிறாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ என்றார். எனக்குத் தெரியாது தம்பி என்றேன். சிரித்தார். மாலைச் சாம்பிள் அவளின்ரை வீட்டுக்கு வரேல்லையே, வேறை எங்கையோ தானே அனுப்பினீங்கள் என்றார். பிறகு, அவளுக்குக் கொஞ்சம் வாய் கூடிப்போச்சு, நான் நேரிலை பாத்தால் அடக்கிப்போடுவன் என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடைசியில், அபிதா சுகமா இருக்கிறாளோ, அடுத்த வருசமும் அங்கைதானே படிப்பாள் என்று கேட்டார். என் பிள்ளையின் பெயரை நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பெர்மெஸ்ஸோக் கதையும் உன் அப்பாவிடமிருந்துதான் அவருக்குப் போயிருக்கவேண்டும்; அடுப்பில் இருந்த கறி கருகியதும் எனக்குத் தெரியவில்லை.

உனக்கு ஏன் பயம் என்று நான் கேட்டதில்லை. இனிக் கேட்கத் தேவையுமில்லை. ஒரு தொலைபேசி அழைப்பிலேயே எனக்கு இந்தப் பாடு என்றால், நீ என்னென்ன பட்டிருப்பாய்? அங்கே பொலிசில் சொல்லிவை. என் பெயரையும் சொல்லவேண்டி வந்தால் சொல்லு. அவர் கதைத்ததைக் கேட்டவள் நான்.

ஆனால் சாம்பவி, என் மனுசனோ வேறு மாதிரிக் கதைக்கிறார். ஒரு விலாசம்தானே, கட்டப்போறவன்தானே கேக்கிறான், எங்கடை பிள்ளையை விட உனக்கு அவள் பெரிசோ என்கிறார். கெட்ட மனுசன் இல்லை. அவரும் பயந்துபோய் இருக்கிறார். மாலைச் சாம்பிள் பார்சல் அனுப்பிய ரசீதை அவர் கண்ணில் படாமல் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். ஆனாலும் அந்த விலாசம் எனக்கு மனப்பாடம். இந்தக் கடித உறையில்கூடப் பார்க்காமல்தான் எழுதினேன். தர்சன் தினமும் எடுக்கிறார். தெரியாது, தெரியாது என்று நானும் தினமும் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் அதைச் சொல்ல முந்தின நாளை விடக் கூட நேரம் எடுக்கிறது.

குவெஸ்தூராவுக்கு அடுத்த மாதம் போகவேண்டும். அந்த நாள் கிட்ட வரவர நான் எப்படி இருப்பேனோ எனக்கே தெரியாது. கேசினி அக்கா நல்லவள், சொல்லமாட்டாள் என்று நம்பிக்கொண்டு நீ அங்கே இருந்துவிடாதே. பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் நான் சொல்லிவிடக்கூடும். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிடக்கூடும். அதனால்தான் இத்தனை அவசரமாக எழுதுகிறேன். இது கிடைத்த உடனே அந்த வீட்டை விட்டு வெளிக்கிடு. றஜிதாவையும் கவனமாக இருக்கச் சொல்லு. எங்கே போகிறாய் என்று எனக்கு எழுதாதே. பதிலே போடாதே. எனக்குத் தெரியாது என்று நான் அவருக்குச் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும்.

எனக்குத் தெரியாத ஏதோ ஓர் ஊரில் நீ நன்றாக இரு, என் தங்கச்சி.

உன்மேல் அன்புள்ள,
கேசினி அக்கா