விழுகிற பாதி மட்டும் என்னிடம்

பரணில் சுருட்டி வைத்திருந்த வெள்ளை ஃபோம் ஷீட்டை இன்று காலை இறக்கினேன். பிரித்ததும் தூசியோடு தைல வாசனையும் கிளம்பியது. இத்தனை வருஷம் ஆகியும் போகவில்லை. யாருடைய முதுகில் தேய்த்த தைலம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாலி கட்டிய புருஷனை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மொட்டை மாடியில் நிற்கவைத்து உதைத்த பெண்டாட்டி, ஒரகடம் வட்டாரத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாய்.

கேட்டது நம் பாப்பா. ஒன்பதாவது படிக்கிறாள். நீ காய்ச்சலென்று படுத்து எழுந்திருக்காமலே போனபோது அவளுக்குப் பள்ளிக்கூடப் பை முழங்கால்வரை தொங்கும். போன வாரம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அம்மா மூஞ்சி போட்டோல கீது. ஆனா அம்மா எப்டி நடக்கும், எப்டி திரும்பும்னு எனக்கு ஞாபகமே வர்ல. நீங்க ரெண்டு பேரும் மாடில சண்ட போடுவீங்களே, அத எனக்கு சொல்லிக் குடு."

சரி என்று சொல்லிவிட்டேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. சண்டை முழுவதும் உன்னுடையது. எனக்குத் தெரிந்ததெல்லாம் விழுவது மட்டும்தான்.

உன்னை நான் முதலில் பார்த்ததே அந்தச் சண்டைகளால்தான். கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் நீ. தமிழில் பேசவிட்ட ஒரு தாய்லாந்து படம் உன் போனில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் நின்ற வாக்கில் எகிறி, முழங்கையை எதிராளியின் உச்சந்தலையில் இறக்கினான். நான் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நீ திரும்பினாய். "பாக்கணும்னா பக்கத்துல உக்காந்து பாருங்க. கொக்கு மாதிரி எட்டி எட்டி பாக்காதிய." திருநெல்வேலிப் பேச்சில் திட்டு வாங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

நீ படம் பார்க்கும் விதமே வேறு. எனக்கு ஹீரோ அடித்தால் போதும். நீ பின்னால் நிற்கும் அடியாட்களைப் பார்ப்பாய். நம்ம ஊர்ப் படங்களில் ஒருவன் அடி வாங்கும்போது மற்றவர்கள் குதித்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்களே, அது உனக்குப் பொறுக்காது. "அந்த பச்சச் சட்ட என்னத்துக்கு சும்மா நிக்கான்? எங்க லைன்ல இப்படி நின்னா சூப்பர்வைசர் விட்டுவைப்பாரா?" பகலெல்லாம் கார் ஒயர்களைக் கட்டிக் கட்டி அடுத்த கைக்குத் தள்ளுகிறவள் நீ. "தாய்லாந்துக்காரங்கள பாருங்க. ஒருத்தன் விழும்போதே அடுத்தவன் வந்து நிக்கான். ஒரு கை சும்மா இல்ல. இதாம் லைன் ஓடுதது."

ஒரே அடியை இந்தப் பக்கமிருந்து ஒரு தடவையும் அந்தப் பக்கமிருந்து மெதுவாக இன்னொரு தடவையும் காட்டினார்கள். போன் மாட்டிக்கொண்டதென்று நினைத்து, "இன்னா, நின்னுபோச்சா?" என்று தட்டப் போனேன். என் கையிலேயே ஒன்று வைத்தாய். "நிக்கல. கயிறு கட்டல, பொய்யில்லன்னு சாட்சி காட்டுதாங்க."

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் போனை அணைக்க விடமாட்டாய். எடுக்கும்போது தவறிப்போன அடிகளை அங்கேதான் காட்டுவார்கள். நிஜமாகவே அடிபட்டவன் தரையில் கிடப்பான். அடித்தவன் ஓடி வந்து கும்பிட்டு, அவன் பிடரியைத் தேய்த்துவிடுவான். சண்டையைவிட அதைத்தான் நீ திரும்பத் திரும்பப் பார்த்தாய். "இது இல்லன்னா அது வெறும் அடிதடிங்க" என்றாய்.

கல்யாணமாகி சேரப்பணஞ்சேரியில் குடிவந்ததும் நாமே ஒரு சண்டை போட வேண்டும் என்று ஆரம்பித்தாய். பழைய சாமான் கடையிலிருந்து இந்த ஷீட்டைத் தூக்கி வந்தாய். தண்ணீர் டிரம்மும் உடைந்த நாற்காலியும் அடியாட்கள். வில்லன் நான். பனியனும் தொப்பையுமாக அப்படியொரு வில்லனைத் தாய்லாந்து கண்டிருக்காது. முழங்கை, முழங்கால், திரும்பி மறுபடி முழங்கை, கடைசியில் ஒரு உதை. உன் பாதம் என் காதுக்கு ஒரு விரல் தள்ளி நிற்க வேண்டும். அந்த நொடியில் நான் விழ வேண்டும். நானோ உன் கால் தரையைவிட்டுக் கிளம்பும்போதே விழுந்துவிடுவேன்.

"கால் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள விழுந்துட்டிய!"

"வந்தப்புறம் விழுந்தா பல்லு கீழ கெடக்கும்டி."

"நம்பி நில்லுங்க. நான் நிறுத்திருவேன்."

கீழ் வீட்டு அக்கா ஒருநாள் துணி காயப்போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாம்மா, ஆம்பளைய போட்டு இந்த அடி அடிக்கிற?" நீ மூச்சு வாங்கச் சொன்னாய்: "அடி படக்கூடாதுன்னுதான் பழகுதோம்க்கா." அதற்கப்புறம் அந்த அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் தனியாக, "வூட்ல எல்லாம் சரியா கீதாப்பா?" என்று விசாரிப்பார்.

ஒவ்வொரு தடவை விழுந்ததும் நீ ஓடி வந்து கும்பிட்டுவிட்டு என் பிடரியைத் தேய்ப்பாய். அதற்காகவே வலிக்காத நாட்களிலும் கொஞ்சம் அதிகமாகக் கிடப்பேன். உனக்குத் தெரியும். "போதும் நடிப்பு, எழும்புங்க" என்பாய். ஆனால் கையை எடுக்கமாட்டாய்.

போனில் எடுத்து வைக்கலாம் என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். "வெட்டாம ஒட்டாம முழுசா வரட்டும். அப்ப எடுக்கலாம்." முழுசாக வரவே இல்லை. குற்றம் என் பயத்தினுடையது. நான் நின்றிருந்தால் அது வந்திருக்கும். அதனால் இன்று பாப்பாவுக்குக் காட்ட ஒரு துண்டுப் படம்கூட இல்லை. இந்த உடம்பு ஒன்றுதான் இருக்கிறது.

மாடிக்குப் போய் ஷீட்டை விரித்தோம். பாப்பா எதிரில் நின்று, "அம்மா மொதல்ல இன்னா பண்ணும்?" என்றாள். "தெரியலமா. ஆனா நான் இப்டி சாய்வேன்" என்று பின்னால் சாய்ந்து காட்டினேன். அவள் என் தாடைக்கும் தன் தோளுக்கும் நடுவில் இருந்த காற்றைப் பார்த்தாள். மெதுவாக முழங்கையைத் தூக்கி அங்கே வைத்தாள். "அப்ப அம்மா கை இங்க இருந்திருக்கும்."

அப்படியே போனது. நான் குனிந்தேன், அவள் முழங்காலைக் கண்டுபிடித்தாள். நான் திரும்பினேன், அவளும் திரும்பினாள். என்னைச் சுற்றி நீ இருந்த இடங்களையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தாள். நான் மூச்சுவிடவும் பயந்தேன்.

கடைசி உதைதான் சேரவில்லை. வலது காலைச் சுழற்றினாள். என் உடம்பு இடப்பக்கம், அவள் கால் வரும் பக்கமாகவே சாயப் பார்த்தது. "நீ தப்பா விழுறப்பா" என்றாள். மறுபடியும் அதேதான். நின்று தலையைச் சொறிந்தாள். "இல்ல, நீ தப்பு இல்ல. அம்மாக்கு எடது காலா?"

ஆமாம். பஸ் ஏறும்போதுகூட இடது காலைத்தான் முதலில் வைப்பாய். அது எனக்கே மறந்துபோயிருந்தது. என் முதுகு மட்டும் மறக்கவில்லை.

"எனக்கும் எடதுதான்பா," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "கோ-கோ வெளையாடும்போது எல்லாரும் கேலி பண்ணுவாங்க." அப்புறம் வலது காலை ஊன்றி, இடது காலை நீட்டிப் பார்த்து, தூரத்தைச் சரிசெய்துகொண்டு, "நம்பி நில்லுப்பா" என்றாள்.

அந்த வார்த்தையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கிருந்து எடுத்தாளோ. நின்றேன். இந்தத் தடவை கண்ணைக்கூட மூடவில்லை. வலது காதோரம் காற்று வந்தது. அதன் பிறகுதான் விழுந்தேன்.

விழுந்து, பழக்கத்தில் அப்படியே கிடந்தேன். தைல வாசனை மூக்கில் ஏறியது. மேலே பாப்பா, "வந்துச்சு! முழுசா வந்துச்சு!" என்று குதித்தாள். நான் எழுந்திருக்காததைப் பார்த்து அவள் குரல் மாறியது. "அப்பா? பட்டுடுச்சாப்பா?" ஓடி வந்து முட்டி போட்டு என் பிடரியில் கை வைத்தாள்.

படவில்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன்.