துடைத்த தரையில் பொட்டுகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்று கோழிகளும் சுகம். என் சுகத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கடைசி வரிக்குத் தாவாதே, அந்தக் கெட்ட பழக்கம் உனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டதும் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

போன மாதம் மகாராணி நொண்ட ஆரம்பித்தாள். உன் அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்த அந்த வெள்ளைக் கோழிதான். தூக்கிப் பார்த்தால் பாதத்தின் நடுவில் வீங்கி, மேலே மிளகு மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. கம்பவுண்டர் கால்நடை ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் இருந்தவர் இல்லையா, வந்து பார்த்துவிட்டு, கூண்டில் குச்சியை உயரமாகக் கட்டியிருக்கீங்க அண்ணே, அங்கேயிருந்து சிமெண்டுத் தரையில் குதிச்சுக் குதிச்சுக் கால் கிழிஞ்சு சீழ் வெச்சிருக்கு என்றார். மற்ற இரண்டுக்கும் அதே கதை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்து, பொருக்கு இளகியதும் அவர்தான் இடுக்கியால் எடுத்தார். உள்ளே சீழ் இறுகிக் கட்டியாக இருந்தது. அயோடின் வைத்துக் கட்டுப் போட்டோம், குச்சியைத் தாழ்த்தி, கீழே காய்ந்த வைக்கோல் பரப்பினேன். தினமும் ஊற வைத்துக் கட்டு மாற்றுவது என் பொறுப்பு. மூன்றும் கட்டைக் கொத்திப் பிய்த்தெறிந்ததால், நாற்பது வருஷம் தைத்த கை சும்மா இருக்குமா, பழைய கால்சட்டைத் துணியில் ஆளுக்கொரு உறை தைத்துவிட்டேன். கோழிகளில் சின்னவளுக்குத் தைக்கும்போது ஊசி படக்கென்று ஒடிந்தது. நுனியைத் தேடினேன், கிடைக்கவில்லை, வேறு ஊசி மாட்டி வேலையை முடித்தேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்துத்தான் தரையில் பொட்டுகளைப் பார்த்தேன். பழுப்பும் சிவப்புமாகச் சின்னச் சின்னப் பொட்டுகள், சமையலறையிலிருந்து தையல் மெஷின் வரைக்கும், அங்கிருந்து உன் அம்மாவின் பீரோ வரைக்கும். மகாராணி உள்ளே புகுந்துவிட்டாள் என்று நினைத்துப் பிடித்துப் பார்த்தால் உறை காய்ந்து கிடக்கிறது, புண்ணும் ஆறிக்கொண்டு வருகிறது. துடைத்தேன். மறுநாள் மறுபடியும். வீட்டில் ஒரு வாடை வேறு, எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்திப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மகாராணி மட்டும் நான் வாசலில் உட்கார்ந்தால் போதும், வந்து என் காலடியில் நின்று, உன் அம்மாவைப் பார்த்தால் தொண்டைக்குள் ஒரு சத்தம் போடுவாளே, அதே சத்தம் போடுவாள். அவள் போய்ச் சேர்ந்த இந்த ஒரு வருஷமாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும், நல்ல வெயில். மூன்றையும் கூண்டில் அடைத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கூடத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் குனிந்து துடைத்துக்கொண்டே போனேன். நிமிர்ந்து திரும்பினால், துடைத்த ஈரத்தில் மறுபடியும் பொட்டுகள். புதுசு. என் முதுகுக்குப் பின்னால் யாரோ அடி மேல் அடி வைத்து வந்து, நான் நின்ற இடத்தில் நின்ற மாதிரி. யாரு என்று கத்தினேன். அப்புறம், திட்டாதே, உன் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நாற்பது வருஷத்தில் கூப்பிடாத பேர். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூப்பிட்டேன்.

கதவைத் திறந்து வெளியே ஓடினேன். கோழி பார்க்க வந்துகொண்டிருந்த கம்பவுண்டர் என்னைத் தாங்கிப் பிடித்து, மூக்கைச் சுளித்துவிட்டு, அண்ணே இது கோழிப் புண்ணு வாடை இல்லை, உட்காருங்க, காலைக் காட்டுங்க என்றார். உள்ளே போய் உன் அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்து வந்து என் பாதத்துக்குக் கீழே பிடித்தார். அம்மாடி, மகாராணியின் காலில் பார்த்த அதே கறுப்புப் பொருக்கு, அதே வீக்கம், ஓரமாகக் கசிந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஊசி நுனி மின்னியது. பதினோரு நாள் அதன் மேல் நடந்திருக்கிறேன், மெஷினை மிதித்திருக்கிறேன். ஒரு துளி வலி இல்லை, சர்க்கரையில் பாதம் மரத்துப் போயிருக்கிறது. வலித்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். சர்க்கரை வந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் உன் அம்மாதான் என் பாதத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்ப்பாள். அவள் போன பிறகு மூன்று கோழிகளின் ஆறு காலையும் தினமும் பார்த்தேன், என் இரண்டைப் பார்க்கத் தோன்றவே இல்லை. மடையன்.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை இரண்டு விரலை எடுக்கிறார்கள். அதோடு நின்றால் பாதம் தப்பும், நிற்க வைப்பது வீட்டுக்குப் போன பிறகு தினமும் காலைப் பார்க்கும் ஆளின் கையில் இருக்கிறது என்கிறார் டாக்டர். கம்பவுண்டர் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறார், கவலைப்படாதே. குட்டிப் பயலுக்கு என் முத்தம், மாப்பிள்ளையும் நீயும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். நீயும் சர்க்கரை பார்த்துக்கொள், இது நம் குடும்பத்துச் சொத்து, தள்ளிப் போடாதே. ஒன்று மட்டும் பாக்கி. வீட்டில் காலைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று நர்ஸம்மா கேட்டாள். மகள் கிளம்பி வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா